காலால் கோல் போட்டார். வாயால் கோப்பை வாங்கினார்!

கடற்கரையில் இருந்து தாம்பரம் போகிற மின்சார ரெயில். மாலை ஆறே கால் மணி. நிற்க இடம் இல்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் ஆபீஸ் குமாஸ்தா. கையில் டிபன் பாக்ஸ் பை. இன்னொருவர் மண்ணடியில் கடை வைத்திருப்பவர். பேச்சிலேயே தெரிந்தது.

"ஆடத் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதா சார்? இந்தியாவுக்கே ஆடினவன்! அவனைக் கோச்சாப் போட்டா டீம் தானா ஜெயிச்சிட்டுப் போவுது" என்றார் குமாஸ்தா.

"அதெப்படிங்க? நல்லா சாப்பிடறவனுக்கெல்லாம் சமைக்கத் தெரியுமா?" என்றார் கடைக்காரர்.

நுங்கம்பாக்கம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் முடியவில்லை. "கல்கத்தாவிலே ஒருத்தர் இருந்தாருங்க" என்று ஆரம்பித்தேன். அவர்களிடம் சொன்னதையும், கூட்டத்தில் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் பிரதீப்குமார் பானர்ஜி. கால்பந்து உலகத்துக்கு பி.கே.

ரெயில்வே சம்பளம்

பி.கே. பிறந்தது 1936-ல், வங்காளத்தின் வடக்கே ஜல்பைகுரியில். வளர்ந்தது ஜாம்ஷெட்பூரில். பதினைந்து, பதினாறு வயதிலேயே பீகார் மாநில அணிக்கு ஆடிவிட்டார். 1954-ல் கல்கத்தாவுக்கு வந்து ஆரியன் கிளப். அடுத்த வருடமே கிழக்கு ரெயில்வே அணி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. கல்கத்தாவில் கால்பந்து என்றால் இரண்டே கட்சி. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். நாடு பிரிந்தபோது கிழக்கே இருந்து வந்த குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால் உயிர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மோகன் பகான். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் மார்க்கெட்டில் இல்சா மீன் விலை ஏறும். மோகன் பகான் ஜெயித்தால் இறால் விலை ஏறும். வியாபாரிகள் லீக் அட்டவணையைப் பார்த்துச் சரக்கு எடுக்கிற ஊர்!

அந்த இரண்டு கிளப்பிலும் பி.கே. ஒரு நாள்கூட ஆடவில்லை. இந்தியாவின் முதல் தர வலது விங் ஆட்டக்காரர், கடைசி வரை ரெயில்வே சட்டையிலேயே ஆடினார். அந்தக் காலத்தில் கிளப் என்பது கைதட்டல். ஆபீஸ் வேலைதான் சாப்பாடு. மாதா மாதம் வருகிற சம்பளத்தின் அருமை இந்தப் பத்திரிகையை ரெயிலில் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா?

ஆனால் ரெயில்வே அணி ஒன்றும் சப்பை அணி இல்லை. 1958-ல் கல்கத்தா லீக்கையே ஜெயித்தது. பாகா சோம் என்பவர் பயிற்சியாளர். பெரிய கிளப்புகளை ஓரம் கட்டிவிட்டு ஒரு ஆபீஸ் டீம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. அப்படி வேறொரு அணி செய்ய 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறுபத்தொரு வருடம்!

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாவது இடம் வந்த இந்திய அணியில் பி.கே. இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர்தான் கேப்டன். பிரான்சுக்கு எதிராக முதலில் கோல் போட்டது இந்தியா. போட்டவர் பி.கே. பிறகு பிரான்சு சமன் செய்து தப்பித்தது. 1961-ல் அர்ஜுனா விருது ஆரம்பித்தபோது, அதைப் பெற்ற முதல் கால்பந்து வீரரும் இவர்தான்.

ஜகார்த்தா

1962. ஆசிய விளையாட்டு. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா.

இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அந்நாட்டு அரசு விசா கொடுக்கவில்லை. அது தப்பு என்று இந்தியப் பிரமுகர் ஜி.டி.சோந்தி சொன்னார். ஊரே இந்தியர் மேல் கோபமாகிவிட்டது. இறுதிப்போட்டியில் தென்கொரியா எதிரணி. இந்தியக் கால் பந்தைத் தொட்டாலே கூச்சல்! ஜர்னைல் சிங் தலையில் தையலோடு ஆடினார். கோல் கம்பத்தடியில் நம்ம பீட்டர் தங்கராஜ். நெடிய ஆள், மெட்ராஸ் ரெஜிமெண்ட் அணி தந்த கோல் கீப்பர்.

பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஐதராபாத்துக்காரர். தொழிலில் பள்ளிக்கூட வாத்தியார். உடம்பில் புற்றுநோய். ஆட்டத்துக்கு முன்னால் பையன்களைக் கூப்பிட்டு, எனக்குத் தங்கம் வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டாராம். அதிகம் பேசவில்லையாம். அந்த அணியில் ஆடியவர்கள் வயதான பிறகும் இதைச் சொல்லிக் கண் கலங்கினார்கள்.

ஒரு கோல் பி.கே. இன்னொன்று தையல் தலையோடு ஜர்னைல் சிங். 2-1. தங்கம்! அடுத்த வருடம் ரஹீம் கண்ணை மூடிவிட்டார்.

பயிற்சியாளரின் ஒரு வார்த்தை ஆட்டக்காரனின் காலுக்குள் இறங்கும் என்பதை பி.கே. அந்த அறையில் உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறார். பின்னால் அவர் செய்த எல்லாவற்றையும் பார்க்கும்போது எனக்கு அப்படித்தான் படுகிறது.

மறுபடி மாணவன்

1967-ல் ஓய்வு. அப்போது வயது 31.

இந்தியாவுக்குக் கேப்டனாக இருந்த மனிதர். "எனக்குத் தெரியாததா?" என்று ஒரு விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கலாம். மாட்டிக்கொள்ளவில்லை. 1969-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கே உலகக் கால்பந்து சம்மேளனம் நடத்திய பயிற்சியாளர் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் எடுத்தவர் ஜெர்மானியர் டெட்மார் கிராமர். லேசான ஆள் இல்லை. ஜப்பான் கால்பந்தைத் தட்டி நிமிர்த்தியவர். பின்னாளில் பேயர்ன் மியூனிக் அணிக்கு 1975, 1976 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தவர்.

முப்பத்து மூன்று வயதில், மார்பில் இத்தனை பதக்கத்தோடு, நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? நம் ஊரில் ஒரு பிரமோஷன் வந்துவிட்டாலே புதிதாகக் கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை!

1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டு. பாஷாவோடு சேர்ந்து இந்திய அணிக்குப் பயிற்சி. ஜப்பானை 1-0 என்று அடித்து வெண்கலம். ஜப்பானில் படித்துவிட்டு வந்து ஜப்பானையே அடித்தார். சபாஷ்!

வாய் டானிக்

1972-ல் ஈஸ்ட் பெங்கால் அவரைக் கூப்பிட்டது. ஆட்டக்காரராகப் போக முடியாத வாசலில் பயிற்சியாளராக நுழைந்தார்.

முதல் வருடமே லீக் கோப்பை. ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஒரு சீசன் முழுக்க, ஒரு கோல்கூட! அதோடு ஐ.எப்.ஏ. ஷீல்டு, டூரண்டு கோப்பை. ரோவர்ஸ் கோப்பையை மட்டும் மோகன் பகானோடு பங்கு போட வேண்டியிருந்தது.

எப்படிச் செய்தார்? கல்கத்தா பத்திரிகைகள் அதற்கு ஒரு பெயர் வைத்தன. "வோக்கல் டானிக்". நாம் வாய் டானிக் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் பி.கே. பேசுவார். ஒருத்தனைத் தட்டிக் கொடுப்பார். ஒருத்தனைச் சீண்டுவார். வெளியே வரும்போது பதினொரு பேரும் சாமி வந்த மாதிரி வருவார்கள்.

இதைக் கேலி செய்தவர்கள் நிறைய. "பேச்சு வியாபாரி", "பாடம் ஒன்றும் கிடையாது, வெறும் வசனம்" என்கிற தினுசில். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடை வைத்திருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாலு பையன்கள் வேலை செய்கிறார்கள். ஒருவனை அதட்டினால் வேலை நடக்கும். இன்னொருவனை அதட்டினால் மறுநாள் வரமாட்டான். எவன் எப்படி என்று தெரிந்து வைத்திருப்பது பேச்சு இல்லை. அது தொழில்.

சுபாஷ் பவுமிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 வெண்கல அணியில் ஆடியவர். பிறகு உடம்பு போட்டுவிட்டது. இனி இவனால் ஆகாது என்று ஒதுக்கினார்கள். 1973-ல் பி.கே. அவரை ஈஸ்ட் பெங்காலுக்கு அழைத்துக்கொண்டார். ஓட வைத்தார். வியர்க்க வைத்தார். நீ இல்லாமல் முடியாது என்று நம்ப வைத்தார். அந்த பவுமிக்கைத் தடுக்க எதிரணி பின்வரிசை பட்ட பாடு கல்கத்தாக்காரர்களுக்குத் தெரியும். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வரும்.

5-0

1975 ஐ.எப்.ஏ. ஷீல்டு இறுதிப்போட்டி. ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. சியாம் தாப்பா மட்டும் இரண்டு. மோகன் பகான் வீரர்கள் ரசிகர்களுக்குப் பயந்து வீட்டுக்குப் போகவில்லை. இரவு கங்கையில் படகில் ஒளிந்திருந்த கதையெல்லாம் உண்டு.

சரி. மோகன் பகான்காரர்கள் பி.கே.யின் முகத்தில் விழித்திருப்பார்களா?

அதுதான் வேடிக்கை. அடுத்த வருடமே அவரைத் தங்கள் பயிற்சியாளராக்கிக்கொண்டார்கள்! 1970-ல் இருந்து ஆறு வருடம் ஈஸ்ட் பெங்கால் கையில் இருந்த லீக் கோப்பை, 1976-ல் மோகன் பகானுக்கு வந்தது. அந்த வருட லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக விசில் ஊதி 17-வது வினாடியில் அக்பர் போட்ட கோல் இன்றும் பேச்சு. பதினேழே வினாடி. பெஞ்சில் உட்காரக்கூட நேரம் இருந்திருக்காது.

1977 செப்டம்பர் 24. ஈடன் கார்டன். பீலே வருகிறார்! நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு, மோகன் பகானை எதிர்த்து. ஒரு வாரத்தில் ஆட்டத்தில் இருந்தே ஓய்வு பெறப்போகிற பீலே. மழை. மைதானம் சேறு. ஊரே பீலேயைப் பார்க்கப் போனது. கவுதம் சர்க்காரை அவர் பின்னாலேயே விட்டார் பி.கே. தம்பி பிரசூன் பானர்ஜியும் அணியில் இருந்தார். சியாம் தாப்பா ஒன்று, ஹபீப் ஒன்று. 2-2 டிரா. பீலேக்குக் கோல் கிடையாது.

அந்த வருடம் லீக் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலிடம் தோற்று வாங்கிக் கட்டிக்கொண்ட அதே மோகன் பகான்தான் இது. காஸ்மாஸ் போன சில நாளில் ஷீல்டு இறுதிப்போட்டியில் ஈஸ்ட் பெங்காலை 1-0 என்று சாய்த்தது. ரோவர்சும் டூரண்டும் அந்த சீசனிலேயே வந்தன.

ஆட்டக்காரராக இரண்டு கிளப்புக்கும் ஆடாதவர், பயிற்சியாளராக இரண்டு கிளப்புக்கும் வேண்டியவர் ஆனார். விங்கில் ஓடிய பி.கே.யைவிட பெஞ்சில் உட்கார்ந்த பி.கே. பெரியவர் என்பேன். இது என் கட்சி. கல்கத்தாவில் சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

மறுபக்கம்

எல்லாம் நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் அது இரங்கல் கூட்டம். அதனால் மற்றதையும் சொல்கிறேன்.

அந்த 1970 வெண்கலம் இருக்கிறதே, அதுதான் கடைசி. 2023 ஹாங்சோ வரைக்கும் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியாவுக்கு வேறு பதக்கம் கிடையாது. 1970-களிலும் 80-களிலும் இந்திய அணி பல தடவை பி.கே. கையில் இருந்தது. 1982-ல் ஆசிய விளையாட்டு நம் டெல்லியிலேயே நடந்தது. கால் இறுதியில் சவுதி அரேபியாவிடம் 1-0. முடிந்தது கதை. ஈஸ்ட் பெங்காலுக்கும் மோகன் பகானுக்கும் வேலை செய்த டானிக் இந்தியாவுக்கு ஏன் வேலை செய்யவில்லை?

காரணம் இல்லாமல் இல்லை. நம் உள்நாட்டுப் போட்டிகளில் வெகுகாலம் 70 நிமிட ஆட்டம்தான். வெளிநாட்டான் 90 நிமிடம் ஓடிப் பழகியவன். கடைசி இருபது நிமிடத்துக்கு எந்த வசனம் மூச்சு கொடுக்கும்? கிளப்பில் பையன் வருடம் முழுக்கக் கண் முன்னால் இருப்பான். அவன் வீட்டுக் கவலை வரை தெரியும். இந்திய அணிக்குச் சில வாரம் கூடிக் கலைகிற கூட்டம். அனுப்புவதற்கே கிளப்புகளுக்கு மனசு வராது. மருந்து சீட்டு எழுதுவதற்கு முன் நோயாளியைத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆனால் பி.கே.யைச் சுத்தமாக விட்டுவிட எனக்கு மனசில்லை. கல்கத்தாவின் அந்த இரண்டு கட்சிச் சண்டைதான் இந்தியக் கால்பந்து என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அதில் ஜெயித்தால் போதும். வேறு ஊரில், வேறு நாட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை. கிராமரிடம் படித்தவருக்குக்கூட!

அந்த வெறி எதில் போய் முடிந்தது? 1980 ஆகஸ்டு 16. ஈடன் கார்டனில் அதே இரண்டு அணி. பி.கே. அப்போது ஈஸ்ட் பெங்கால் பக்கம். களத்தில் இரண்டு ஆட்டக்காரர்கள் மோதிக்கொண்டார்கள். காலரியில் கலவரம் மூண்டது. நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போனவர்கள்.

அதற்குப் பயிற்சியாளர் பொறுப்பில்லை. நானும் அவர் மேல் பழி போடவில்லை. ஆனாலும் டானிக் குடித்தது டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த பதினொரு பேர் மட்டும் இல்லை என்று தோன்றுகிறது.

வைரமும் வார்த்தையும்

1991-ல் ஜாம்ஷெட்பூர் போய் டாடா கால்பந்து அகாடமியில் தொழில்நுட்ப இயக்குநர் ஆனார் பி.கே. தான் வளர்ந்த ஊரிலேயே சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. 1997 வரை அங்கே. அதற்குள் பத்மஸ்ரீயும் வந்துவிட்டது.

1997-ல் மறுபடி ஈஸ்ட் பெங்கால். பெடரேஷன் கோப்பை அரை இறுதி. ஜூலை 13. சால்ட் லேக் மைதானத்தில் 1 லட்சத்து 31 ஆயிரம் பேர். எதிரே மோகன் பகான். அதன் பயிற்சியாளர் அமல் தத்தா. அவரும் இந்தியாவுக்கு ஆடியவர். அவரும் படித்தவர். வைர வியூகம் என்று புது முறை வைத்திருந்தார். எல்லா அணியையும் நொறுக்கிக்கொண்டு வந்தார்.

வந்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஈஸ்ட் பெங்கால் வீரர்களைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார். கென்யாக்காரர் ஒமோலோவை "ஆம்லெட்" என்றார். பாய்ச்சுங் பூட்டியாவை "சுங் சுங்" என்றார்.

பி.கே.க்கு அது போதாதா? எதிரி வாயில் இருந்தே டானிக் கிடைத்துவிட்டது! அந்தப் பேச்சையே எடுத்துப் பையன்கள் மனதில் ஊசி ஏற்றினார். 4-1. பாய்ச்சுங் மூன்று கோல். வைரம் உடைந்தது. பி.கே.க்கு வயது 61.

இறுதிப்போட்டியில் கோவாவின் சால்கோக்கரிடம் ஈஸ்ட் பெங்கால் தோற்றுவிட்டது. அதை யாரும் சொல்வதில்லை. கல்கத்தாவில் அரை இறுதிதான் ஞாபகம்!

2020 மார்ச் 20-ந் தேதி பி.கே. காலமானார். வயது 83. ஜகார்த்தா தங்கத்தின் கேப்டன் சுனி கோஸ்வாமி அதற்கடுத்த மாதமே போய்விட்டார்.

பவுமிக் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே. ஆகாது என்று ஒதுக்கப்பட்ட அதே பவுமிக், பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்கே பயிற்சியாளர் ஆனார். 2003-ல் ஆசியான் கிளப் கோப்பை. இறுதிப்போட்டியில் தாய்லாந்தின் பி.இ.சி. டெரோ அணியை 3-1 என்று அடித்தது ஈஸ்ட் பெங்கால். வெளிநாட்டு மண்ணில் இந்திய கிளப் ஒன்று அப்படி ஜெயித்தது பெரிய விஷயம். நடந்த ஊர் எது தெரியுமா?

ஜகார்த்தா!

இந்த இடத்தில் ரெயில் பல்லாவரத்தைத் தாண்டிவிட்டது. குமாஸ்தாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, இந்தியாவுக்கு ஆடினவர்தானே! நான் சொன்னேன்ல?" என்று கடைக்காரரை இடித்தார்.

கடைக்காரர் விடவில்லை. "இருங்க சார். ஜப்பானுக்குப் போய்ப் படிச்சிட்டு வந்திருக்காருல்ல? அதை அவரு நடுவுல மெதுவாச் சொல்றாரு. முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, குரோம்பேட்டையில் இறங்கிப் போய்விட்டார்.